டிகிரி இல்லாம ஜெனீவா ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணலாமா?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான். பள்ளிக்கூடத்துல தாய்மொழி இல்லாத, தங்களை சிறுபான்மைன்னு சொல்லிக்கலாமான்னே தயங்கற ஒரு சின்ன மொழிச் சிறுபான்மைச் சமூகத்துக்காக ஏழெட்டு வருஷமா வேலை செய்யறார், காலேஜ் முடிக்கல, இங்கிலீஷ் ஓரளவு பேசுவார், அவங்க அமைப்புல மொத்தமே ஆறு பேர். ஜெனீவால ஐநா நடத்துற சிறுபான்மையினர் ஃபெல்லோஷிப் பத்தி யாரோ சொல்லிருக்காங்க, தன்னை மாதிரி ஆளுக்கெல்லாம் அது கிடைக்குமா, போய்ட்டு வந்தா சமூகத்துக்கு என்ன பிரயோஜனம், அப்ளிகேஷன்ல என்ன எழுதறதுன்னு கேக்கறார். இந்த மாதிரி அப்ளிகேஷன் எழுதற பல பேரு கூட உக்காந்து உதவி பண்ணிருக்கேன், கிடைச்சவங்களையும் பாத்திருக்கேன், கிடைக்காதவங்களையும் பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல் விஷயம், தாராளமா அப்ளை பண்ணலாம். டிகிரி இல்லங்கறது தடையே இல்ல. ஐநா மனித உரிமை ஹைகமிஷனர் ஆபீஸ் இந்த சிறுபான்மையினர் ஃபெல்லோஷிப்பை 2005ல ஆரம்பிச்சாங்க, அதோட தகுதி விதியிலயே தெளிவா இருக்கு, சிறுபான்மைச் சமூகங்கள்ல நிறைய பேருக்கு படிக்கற வாய்ப்பு கிடைக்கறதே கஷ்டம், அதனால முறையான படிப்பு இல்லங்கறது தடையா இருக்கக்கூடாது, வேலை செஞ்ச அனுபவத்தை காட்டினா போதும்னு. யோசிச்சு பாருங்க, படிப்பு மறுக்கப்பட்டதே ஒரு உரிமைப் பிரச்சனைன்னா அதே படிப்பு இல்லன்னு சொல்லி வாசல்லயே நிறுத்தினா அது என்ன நியாயம். அதனால அந்த பயத்தை விட்டுடுங்க. ஆனா மொழி விஷயத்துல மட்டும் உஷாரா இருக்கணும். வகுப்பெல்லாம் அந்த வருஷம் எந்த மொழில அறிவிச்சிருக்காங்களோ அதுலதான் நடக்கும், இங்கிலீஷ் தவிர அரபிலயும் ரஷ்யன்லயும் நடத்திருக்காங்க, ஒவ்வொரு வருஷ நோட்டீஸ்லயும் எந்த மொழின்னு போட்டிருப்பாங்க. இலக்கணம் சுத்தமா இருக்கணும்னு யாரும் எதிர்பாக்கறதில்ல, நாள் முழுக்க கேட்டு புரிஞ்சுக்கணும், கேள்வி கேக்கணும், நம்ம விஷயத்தை மூணு நிமிஷத்துல சொல்லணும், அந்த அளவுக்கு போதும். ஷார்ட்லிஸ்ட்ல வந்தா ஃபோன்லயோ இணையத்துலயோ ஒரு இன்டர்வியூ இருக்கும், அங்கதான் மொழி தெரியுமான்னு உண்மையா பாக்கறாங்க. அதுக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் யார்கூடயாவது உங்க வேலையைப் பத்தி அந்த மொழில பேசிப் பழகுங்க, மனப்பாடம் பண்ணிட்டு போகாதீங்க, குறுக்க ஒரு கேள்வி வந்தா மனப்பாடம் உடைஞ்சிடும்.

இது என்ன மாதிரி புரோகிராம்னா, பல நாடுகள்ல இருந்து சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த கொஞ்ச பேரை தேர்ந்தெடுத்து சில வாரம் ஜெனீவால வெச்சு ஐநா மனித உரிமை அமைப்பு எப்படி இயங்குதுன்னு சொல்லித்தராங்க. வழக்கமா நவம்பர் பக்கம் வரும், ஏன்னா அந்த சமயத்துலதான் சிறுபான்மையினர் விவகார மன்றம்னு சொல்ற ரெண்டு நாள் கூட்டம் அங்க நடக்கும், ஃபெல்லோக்கள் அதுலயும் உக்காரலாம். போக வர டிக்கெட், தங்கற இடம், அடிப்படை ஹெல்த் இன்ஷூரன்ஸ், அங்க சாப்பிட செலவழிக்க ஒரு ஸ்டைபெண்ட், இதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. ஸ்டைபெண்ட்ல மிச்சம் பிடிச்சு வீட்டுக்கு அனுப்பலாம்னு கணக்கு போடாதீங்க, ஜெனீவா உலகத்துலயே விலைவாசி ரொம்ப அதிகமான ஊர்கள்ல ஒண்ணு, அங்க இருக்கற நாள் ஓடறதுக்குத்தான் அது சரியா இருக்கும். வேலைக்குப் போற ஆளா இருந்தா அந்த நாட்கள்ல வீட்டுக்கு வருமானம் எப்படின்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. ஐநா கைல பணம் குறையற வருஷங்கள்ல இந்த மாதிரி புரோகிராம் சுருங்கவும் செய்யும், அதனால போன வருஷ தேதி, போன வருஷ ஃபார்ம் வெச்சு வேலை செய்யாம அந்தந்த வருஷ அறிவிப்பை ஹைகமிஷனர் ஆபீஸோட சொந்த தளத்துல மட்டும் பாருங்க. இன்னொண்ணு முக்கியமா, இந்த ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ண ஒரு பைசா கட்டணம் கிடையாது. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், பிராசசிங் ஃபீஸ், ஹோட்டல் அட்வான்ஸ்னு யாராவது கேட்டா அது மோசடி, ஐநா முத்திரை போட்டு வர்ற மெயிலா இருந்தாலும் சரி. நல்ல மனசோட வேலை செய்யற எத்தனையோ பேர் இதுல பணம் இழந்திருக்காங்க, அதனாலதான் இதை அழுத்தி சொல்றேன்.

அடுத்து, "எங்க அரசாங்கம் எங்களை சிறுபான்மைன்னே ஒத்துக்கல, நாங்க அப்ளை பண்ணலாமா"ன்னு நிறைய பேர் கேப்பாங்க, உங்க கேள்வியிலயும் அந்த தயக்கம் தெரியுது. சர்வதேச சட்டத்துல சிறுபான்மைக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே வரையறைன்னு ஒண்ணு இல்ல. 1970கள்ல ஃபிரான்செஸ்கோ கபோடோர்ட்டிங்கற இத்தாலிய நிபுணர் ஐநாவுக்காக ஒரு ஆய்வு பண்ணி எண்ணிக்கைல குறைவு, ஆதிக்கம் இல்லாத நிலை, தனிப்பட்ட இன மத மொழி அடையாளம், அதைக் காப்பாத்தணும்ங்கற ஒற்றுமை உணர்வுன்னு சில அளவுகோல் சொன்னார், இன்னிக்கும் அதைத்தான் நிறைய பேர் தொட்டுப் பேசறாங்க. ஆனா அதைவிட உங்களுக்கு உதவறது 1994ல ஐநா மனித உரிமைக் குழு குடுத்த 23ஆவது பொதுக் கருத்து. ஒரு நாட்டுல ஒரு சிறுபான்மை இருக்கா இல்லையாங்கறது அந்த நாட்டு அரசாங்கத்தோட முடிவைப் பொறுத்தது இல்ல, புறநிலையா பாத்து முடிவு பண்ண வேண்டியதுன்னு அதுல தெளிவா எழுதிட்டாங்க, குடிமக்களா இருக்கணும்ங்கற அவசியம் கூட இல்லன்னும் சொல்லிட்டாங்க. அந்த பொதுக் கருத்து விளக்கறது சிவில் அரசியல் உரிமை ஒப்பந்தத்தோட 27ஆவது பிரிவை. இன, மத, மொழிச் சிறுபான்மையைச் சேர்ந்தவங்களுக்கு தங்களோட பண்பாட்டை வாழ, மதத்தை கடைப்பிடிக்க, மொழியைப் பேச இருக்கற உரிமையை மறுக்கக்கூடாதுன்னு சொல்ற ஒரே ஒரு வாக்கியம் அது. பிரான்ஸ் அந்த பிரிவு எங்க நாட்டுக்கு பொருந்தாதுன்னே அறிவிச்சிருக்கு. அதனால உங்க நாடு இந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்கா, ஏதாவது விலக்கு வெச்சிருக்கான்னு அப்ளிகேஷன் எழுதறதுக்கு முன்னாடியே ஒரு தடவை பாத்துடுங்க, இன்டர்வியூல இது தெரிஞ்சு பேசினீங்கன்னா உங்க மேல ஒரு நம்பிக்கை வரும். 1992 டிசம்பர் 18ல பொதுச்சபை நிறைவேத்தின சிறுபான்மையினர் உரிமைப் பிரகடனமும் படிச்சிடுங்க, ஒன்பதே பிரிவுதான், ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும்.

இப்ப அப்ளிகேஷனுக்கு வருவோம், இங்கதான் பெரும்பாலானவங்க தப்பு பண்றாங்க. நல்ல வேலை செஞ்சவங்களே தப்பு பண்றாங்க. ஃபார்மை எடுத்தவுடனே "எங்க சமூகம் நூத்தாண்டு காலமா ஒடுக்கப்படுது"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் வரலாறு எழுதிடுவாங்க, அது முழுக்க உண்மையாவும் இருக்கும், ஆனா படிக்கறவங்களுக்கு அதுல இந்த ஆள் என்ன செஞ்சார், திரும்பி வந்து என்ன செய்யப் போறார்னு ஒரு வரி கூட கிடைக்காது. இந்த ஃபெல்லோஷிப் உங்களுக்கு குடுக்கற பரிசு இல்ல, உங்க வழியா உங்க சமூகத்துக்குப் போற பயிற்சி. விதியிலயே இருக்கு, நீங்க அந்த சிறுபான்மையைச் சேர்ந்தவரா இருக்கணும், உங்க அமைப்போ சமூகமோ உங்களை முன்மொழியணும், திரும்பி வந்து மத்தவங்களுக்கு சொல்லித்தர மனசும் திறமையும் இருக்கணும். தேர்ந்தெடுக்கறப்ப ஆண் பெண் விகிதம், எந்தெந்த பிராந்தியம்னும் பாத்து பிரிக்கறாங்க, அதெல்லாம் நம்ம கையில இல்ல. நம்ம கையில இருக்கறது அந்த "திரும்பி வந்து" பகுதிதான்.

அதை எப்படி எழுதறது? "சமூகத்துல விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்"னு எழுதாதீங்க, அப்ளை பண்ற எல்லாருமே அதைத்தான் எழுதறாங்க. யாருக்கு, எத்தனை பேருக்கு, எந்த மாசத்துல, எதுக்காகன்னு எழுதுங்க. உதாரணத்துக்கு, அடுத்த வருஷம் நம்ம நாட்டு நிலவரத்தை ஐநாவோட இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு பரிசீலிக்கப் போகுது, அதுக்கு எங்க பகுதியிலிருந்து இதுவரைக்கும் யாருமே நிழல் அறிக்கை (அரசாங்கத்தோட அறிக்கை தவிர மக்கள் அமைப்பு தனியா எழுதி அனுப்பறது) அனுப்பினதில்ல, நான் வந்து பன்னெண்டு பேருக்கு மூணு நாள் தகவல் சேகரிக்கற பயிற்சி குடுத்து, பள்ளிக்கூடத்துல தாய்மொழி இல்லாததைப் பத்தி ஒரு அறிக்கை தயார் பண்ணப் போறோம். இப்படி எழுதினா அது நிக்கும். பெரிய திட்டமா இருக்கணும்னு இல்ல, ஆறு பேர் அமைப்பு ஆறு பேரால செய்ய முடியறதை எழுதினாத்தான் நம்புவாங்க. நீங்க செஞ்ச வேலையை எழுதறப்பவும் அதேதான். "பல போராட்டங்கள்ல கலந்துகிட்டேன்"னு எழுதறதைவிட ஒரே ஒரு பிரச்சனையை எடுத்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தைங்களோட பட்டியல் எடுத்தோம், இத்தனை மனு போட்டோம், இத்தனை பேருக்கு கிடைச்சது, மிச்சம் ஏன் கிடைக்கலன்னு எழுதுங்க, தோத்த இடத்தையும் சேர்த்து எழுதுங்க. தோல்வியை தெளிவா சொல்லத் தெரிஞ்சவங்களுக்குத்தான் எந்தப் பயிற்சி தேவைன்னு தெரிஞ்சிருக்கும், படிக்கறவங்களுக்கும் அது புரியும்.

அமைப்போட லெட்டர் கட்டாயம். சில அமைப்புல தலைவரே போகணும்னு நினைப்பாங்க, ஒரு அமைப்புக்கு ஒருத்தர்தான், அதனால உள்ளுக்குள்ளயே மனக்கசப்பு வரும், இதை நான் நேர்லயே பாத்திருக்கேன், ஒரு நல்ல குழு அதோட பிரிஞ்சே போச்சு. முன்னாடியே எல்லாரும் உக்காந்து யாரு போனா வந்து சொல்லித்தருவாங்க, யாருக்கு பாஸ்போர்ட் இருக்கு, யாரு வீட்டுல அத்தனை நாள் சமாளிக்க முடியும்னு பேசி முடிவு பண்ணுங்க. பெண்களை யோசிங்க, இளைஞர்களை யோசிங்க. லெட்டர்ல உங்களைப் புகழ்ந்து எழுதறதைவிட, இவர் திரும்பி வந்தப்புறம் பயிற்சி நடத்த இடமும் ஆளும் நாங்க தருவோம்னு ஒரு வரி இருந்தா அதுக்கு மதிப்பு அதிகம். ஃபார்மை அவங்க கேட்ட மொழில நிரப்பி, கையெழுத்து போட்டு, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிடுங்க.

சரி, போனா என்ன கிடைக்கும்னு கேட்டீங்களே. நேர்மையா சொல்லணும்னா, ஜெனீவா போய்ட்டு வந்ததால ஒரு பிரச்சனையும் தானா தீராது. எந்த கதவு யாருக்கு திறக்கும், எந்த சமயத்துல திறக்கும்ங்கற அறிவுதான் கிடைக்கும். அந்த கதவுகள்ல பலது ஊர்ல உக்காந்தே தட்டக்கூடியதுங்கறதுதான் முக்கியமான விஷயம், அது தெரியாமத்தான் நிறைய சமூகங்கள் ஐநான்னா ஏதோ எட்டாத இடம்னு நினைச்சுட்டு இருக்கு.

நிறைய பேர் எகோசாக்னு சொல்ற ஐநா பொருளாதார சமூகக் கவுன்சில் தர்ற ஆலோசனை அந்தஸ்து இல்லன்னா ஐநாவுல நமக்கு வேலையே இல்லன்னு நினைக்கறாங்க. அது பாதிதான் உண்மை. நாடுகளோட பிரதிநிதிகள் கூடற ஐநா மனித உரிமைகள் கவுன்சில்ல எழுந்து பேசணும்னா அந்த ஆலோசனை அந்தஸ்து வேணும், அதை வாங்கறது சாதாரணம் இல்ல, 19 நாடுகள் உக்காந்திருக்கற ஒரு கமிட்டி வழியா போகணும், பிடிக்காத அமைப்பா இருந்தா ஒவ்வொரு கூட்டத்துலயும் ஏதாவது ஒரு கேள்வி கேட்டு தள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. தலித் மக்களுக்காக வேலை செய்யற சர்வதேச தலித் ஒற்றுமை வலையமைப்பு 2007ல விண்ணப்பிச்சது, கிடைச்சது 2022 டிசம்பர்ல. பதினஞ்சு வருஷம் கேள்விக்கு மேல கேள்வியா பதில் எழுதிட்டே இருந்தாங்க, விடல. அந்த பொறுமையை நினைச்சா எனக்கு இப்பவும் மரியாதையா இருக்கு. ஆனா அந்த அந்தஸ்து இல்லாமயே செய்யக்கூடியது நிறைய இருக்கு. சிறுபான்மையினர் விவகார மன்றத்துல அந்தஸ்து இல்லாத அமைப்பும் பதிவு பண்ணி கலந்துக்கலாம், பேசலாம். 2007ல கவுன்சில் தீர்மானம் போட்டு உருவாக்கினப்பவே அப்படித்தான் வெச்சாங்க, 2008 டிசம்பர்ல முதல் கூட்டம் நடந்தது, கல்வி உரிமை பத்தி. மனித உரிமை ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்குதான்னு பாக்கற ஒப்பந்தக் குழுக்களுக்கு நிழல் அறிக்கை அனுப்ப அந்தஸ்து வேண்டாம். யூபிஆர்னு சொல்ற எல்லா நாட்டுக்கும் வர்ற பொது மீளாய்வுக்கு தகவல் அனுப்பவும் வேண்டாம்.

யூபிஆர் 2008ல ஆரம்பிச்சது, ஒவ்வொரு நாட்டு முறையும் சுமாரா நாலரை வருஷத்துக்கு ஒரு தடவை வரும். தனி அமைப்பா அனுப்பினா 2,815 வார்த்தை வரைக்கும், பல அமைப்பு சேர்ந்து அனுப்பினா 5,630 வார்த்தை வரைக்கும் எழுதலாம். இந்த எண்ணை நான் சும்மா சொல்லல, இதை மீறி அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க, ராத்திரி பகலா உக்காந்து எழுதினது அப்படியே போய்டும். வார்த்தை அளவுக்குள்ள எதை விடறது எதை வெக்கறதுன்னு முடிவு பண்றதுதான் அந்த வேலையோட பாதி. மத்த நாடுகள் உங்க நாட்டுக்கு பரிந்துரை குடுக்கற முறை இது, அதனால உங்க அறிக்கைல அவங்க அப்படியே எடுத்துப் போடற மாதிரி ரெண்டு மூணு வரில பரிந்துரையை நீங்களே எழுதி வெச்சுடணும், அப்புறம் உங்க நாட்டுல இருக்கற மத்த நாட்டு தூதரகங்களுக்கு அதைக் கொண்டு போய் குடுக்கணும். இதுக்கெல்லாம் ஜெனீவா போக வேண்டியதே இல்ல.

சிறுபான்மை விவகாரங்களுக்குன்னு தனியா ஐநா நியமிக்கற ஒரு சிறப்பு அறிக்கையாளர் இருக்கார். 2005ல சுயேச்சை நிபுணர்ங்கற பேர்ல உருவான பொறுப்பு அது, முதல்ல அமெரிக்காவைச் சேர்ந்த கே மெக்டூகல் இருந்தாங்க, அப்புறம் ஹங்கேரியோட ரீட்டா இஷாக், கனடாவோட ஃபெர்னாண்ட் டி வாரென், 2023லிருந்து சுவிட்சர்லாந்தோட நிக்கோலா லெவ்ரா. அவருக்கு புகார் அனுப்பறதுக்கு முன்னாடி உள்நாட்டு கோர்ட் எல்லாம் முடிச்சுட்டு வரணும்ங்கற கட்டாயம் இல்ல, அது ரொம்ப பெரிய வசதி. அவர் அரசாங்கத்துக்கு எழுதுவார், அந்த கடிதமும் பதிலும் வழக்கமா 60 நாள் கழிச்சு வெளியிடப்படும். அதனால பாதிக்கப்பட்டவரோட சம்மதம் இல்லாம ஒரு பேரைக்கூட அனுப்பாதீங்க. அவங்க பேர் அரசாங்கத்துக்குப் போகும்னு அவங்களுக்கு புரியற மொழில சொல்லி, சரின்னு சொன்னப்புறம் மட்டும் அனுப்பணும்.

தனிநபர் புகார் முறை வேற மாதிரி, மெதுவா போகும், ஆனா ஆழமா வேலை செய்யும். சாண்ட்ரா லவ்லேஸோட கதையை நான் பயிற்சில எப்பவும் சொல்வேன். கனடால நியூ பிரன்ஸ்விக் பகுதில டோபிக்கங்கற பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவங்க, மலிசீட் இனம். வெளி ஆளை கல்யாணம் பண்ணிக்கிட்டதால அப்ப இருந்த, "இந்தியன் ஆக்ட்"னு பேர் வெச்ச கனடாவோட பழங்குடிச் சட்டப்படி அவங்களோட பழங்குடி அந்தஸ்தே போச்சு, விவாகரத்து ஆகி திரும்பி வந்தா சொந்த ஊர்ல குடியிருக்க உரிமை இல்ல. ஒரு ஆண் வெளிப் பெண்ணை கட்டிக்கிட்டா அந்தஸ்து போகாது, அந்தப் பொண்ணுக்கும் அந்தஸ்து கிடைச்சிடும். 1977ல ஐநா மனித உரிமைக் குழுவுக்கு புகார் அனுப்பினாங்க. 1981ல குழு 27ஆவது பிரிவு மீறப்பட்டதுன்னு சொல்லிடுச்சு, சொந்த சமூகத்தோட சேர்ந்து பண்பாட்டை வாழற உரிமையை அவங்களுக்கு மறுத்தது தப்புன்னு. ஆனா அந்த முடிவு மட்டும் சட்டத்தை மாத்தல. நடுவுல 1979ல டோபிக் பெண்கள் குழந்தைங்களோட ஒட்டாவாவை நோக்கி நடந்தே போனாங்க, உள்நாட்டுல அந்த அழுத்தமும் வெளியிலிருந்து வந்த முடிவும் சேர்ந்துதான் 1985ல கனடா சட்டத்தை திருத்துச்சு. அதுவும் முழுசா தீரல, அடுத்தடுத்த தலைமுறைக்கு மிச்சமிருந்த பாகுபாட்டை எதிர்த்து திரும்ப வழக்கு போட வேண்டி வந்துச்சு. ஜெனீவால கிடைக்கற காகிதத்துக்கு ஊர்ல நடக்கற கால்கள்தான் பலம், இதை மறந்துட்டு கான்ஃபரன்ஸ் கான்ஃபரன்ஸா சுத்தற ஆளுங்களா நாம ஆகிடக் கூடாது.

இன்னொரு உதாரணமும் உங்களுக்கு உதவும், ஏன்னா உங்க பிரச்சனை பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது. செக் நாட்டுல ஆஸ்ட்ராவா நகரத்துல ரோமாங்கற சிறுபான்மை இனத்துக் குழந்தைங்களை அறிவுத்திறன் குறைஞ்சவங்களுக்கான ஸ்பெஷல் பள்ளிகள்ல கொண்டு போய் போட்டாங்க. 18 பேர் வழக்கு போட்டாங்க, 2007 நவம்பர்ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தோட பெரிய அமர்வு அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. அந்த வழக்குல முன்வெச்ச கணக்கு என்னன்னா, அந்த ஊர்ல ஒரு ரோமா குழந்தை ஸ்பெஷல் பள்ளிக்குப் போக வாய்ப்பு மத்த குழந்தையைவிட 27 மடங்கு அதிகம். ஒரு அதிகாரி வேணும்னே பண்ணாருன்னு நிரூபிக்க முடியாத இடத்துல எண்ணிக்கைதான் பேசுச்சு. அதனால சொல்றேன், இப்பவே உங்க பகுதில எத்தனை பள்ளிக்கூடம், அதுல உங்க மொழி பேசற குழந்தைங்க எத்தனை, எந்த வகுப்புல படிப்பை நிறுத்தறாங்கன்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிங்க. ஃபெல்லோஷிப் கிடைச்சாலும் இல்லன்னாலும் அந்த நோட்டு உங்களுக்கு வேணும்.

பாதுகாப்பு பத்தி நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லியே ஆகணும். ட்சாவ் ஷுன்லிங்கற சீன உரிமைப் போராளி 2013 செப்டம்பர்ல ஜெனீவாக்கு மனித உரிமைப் பயிற்சிக்கு கிளம்பினாங்க, பெய்ஜிங் ஏர்போர்ட்லயே பிடிச்சுட்டாங்க, காவல்ல உடம்பு மோசமாகி சரியான சிகிச்சை கிடைக்காம 2014 மார்ச் 14ல இறந்தாங்க. ஒரு பயிற்சிக்குப் போறதுக்காக. எல்லா நாட்டுலயும் இப்படி நடக்கும்னு சொல்லல, ஆனா திரும்பி வந்தப்புறம் விசாரணை, பாஸ்போர்ட் முடக்கறது, அமைப்போட கணக்கை நோண்டறது, குடும்பத்தை மிரட்டறது, இதெல்லாம் பல நாட்டுல நடக்குது. ஐநா பொதுச்செயலாளர் வருஷா வருஷம் பழிவாங்கல் பத்தியே தனியா ஒரு அறிக்கை போடறார், 2016லிருந்து அதைக் கவனிக்க ஒரு மூத்த அதிகாரியையும் வெச்சிருக்காங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தர்கிட்டயும் வெளில நம்பகமான வக்கீல் ஒருத்தர்கிட்டயும் உங்க பயண விவரம் குடுங்க, ஃபோன்ல சாட்சிகளோட பேர் விவரம் எதுவும் வெச்சுக்கிட்டு எல்லை தாண்டாதீங்க, அங்க எடுக்கற ஃபோட்டோவை உடனே போடாதீங்க, கூட வந்தவங்கள்ல யாராவது முகம் வரக்கூடாதுன்னு நினைக்கலாம். உங்க நிலைமை ரொம்ப ஆபத்தானதுன்னு தோணினா அதை அப்ளிகேஷன் நடத்தறவங்ககிட்ட நேரடியா சொல்லுங்க, மறைக்க வேண்டியதில்ல. இந்த வருஷம் போகாம இருக்கறதே சரின்னு முடிவு எடுத்தா அதுவும் தைரியமான முடிவுதான்.

விசாவுக்கு ஷெங்கன் விதிதான், அதாவது பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வெச்சிருக்கற பொது விசா முறை, சுவிட்சர்லாந்து அதுல இருக்கு. திரும்பற தேதிக்கு அப்புறமும் மூணு மாசம் பாஸ்போர்ட் செல்லுபடியாகணும், பத்து வருஷத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும். பாஸ்போர்ட்டே இல்லாத ஆளுங்க ரிசல்ட் வந்தப்புறம் ஓடினா கிடைக்காது, சிறுபான்மைச் சமூகங்கள்ல ஆவணமே இல்லாதவங்க அதிகம்ங்கறதால போலீஸ் சரிபார்ப்புலயே மாசக்கணக்கா நிக்கும், இன்னிக்கே விண்ணப்பிங்க.

இது ஒண்ணு மட்டும்தான் வழின்னும் நினைக்காதீங்க. பழங்குடி மக்களுக்குன்னு தனி ஃபெல்லோஷிப் 1997லிருந்து இருக்கு, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 2011லிருந்து, ரெண்டும் அதே ஹைகமிஷனர் ஆபீஸ் நடத்தறதுதான். மாண்ட்ரியல்ல ஈக்விட்டாஸ் அமைப்பு 1980லிருந்து சர்வதேச பயிற்சி நடத்துது, அதுல மக்களுக்கு எப்படி சொல்லித்தரணும்ங்கற முறையை ரொம்ப நல்லா கத்துத்தருவாங்க. நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகம் 1989ல ஆரம்பிச்ச உரிமைப் போராளிகள் புரோகிராம் இருக்கு, அது மாசக்கணக்குல போகும், குடும்பத்தை விட்டு அவ்ளோ நாள் இருக்க முடியுமான்னு பாத்துக்கோங்க. சிட்னில டிப்ளமசி டிரெய்னிங் புரோகிராம், கிழக்கு திமோரோட ஹோசே ராமோஸ் ஹோர்ட்டா 1989ல ஆரம்பிச்சது, தன் நாட்டுக்காக ஐநா வாசல்ல வருஷக்கணக்கா நின்ன மனுஷன் தன் அனுபவத்தை மத்தவங்களுக்கு குடுக்க நினைச்சு உருவாக்கினது. ஆபத்துல இருந்து கொஞ்ச நாள் விலகி மூச்சு விடணும்னா இங்கிலாந்துல யார்க் பல்கலைக்கழகத்தோட பாதுகாப்பு ஃபெல்லோஷிப் இருக்கு, அதோட நோக்கமே வேற. உங்க நிலைமைக்கு முதல்ல ஐநா சிறுபான்மையினர் ஃபெல்லோஷிப், அது கிடைக்கலன்னா ஈக்விட்டாஸ், இதுதான் என் யோசனை. முதல் தடவையே கிடைக்கணும்னு இல்ல, ரெண்டு மூணு தடவை போட்டு கிடைச்சவங்களை எனக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் அவங்க எழுத்து தெளிவாச்சு.

அங்க போனா மன்றத்துல பேசறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் கிடைக்கும், நிதானமா படிச்சா இங்கிலீஷ்ல முன்னூறு வார்த்தைகூட போகாது. பேப்பரை முன்னாடியே மொழிபெயர்ப்பாளர்களுக்கு குடுத்துடுங்க, வேகமா படிச்சா அவங்களால ஓட முடியாது, அவங்க விட்டுட்டா அறையில பாதிப் பேருக்கு உங்க சமூகம் காதுலயே விழாது. அதைவிட முக்கியம் கூட வர்ற மத்த ஃபெல்லோக்கள். மொழி வேற, மதம் வேற, கண்டம் வேற, ஆனா பள்ளிக்கூடத்துல தன் மொழி பேசினதுக்காக அடி வாங்கின அனுபவத்தை ஒருத்தர் சொல்றப்ப அறையில நாலு பேர் தலையாட்டுவாங்க. அவங்களோட தொடர்பை விடாதீங்க, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா முதல்ல குரல் குடுக்கறது அவங்கதான்.

ஃபார்மை இப்பவே திறக்காதீங்க. உங்க நாட்டைப் பத்தி ஐநா குழுக்கள் கடைசியா வெளியிட்ட முடிவுக் குறிப்புகளை இறக்கி, இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவோடதும் மனித உரிமைக் குழுவோடதும் போதும், உங்க ஆறு பேரும் ஒண்ணா உக்காந்து வரிவரியா படிங்க. உங்க சமூகத்தோட பேர் எந்த பத்தில வருதுன்னு தேடுங்க. வந்திருந்தா அதுல சொன்னதை அரசாங்கம் செஞ்சுதான்னு எழுதுங்க. ஒரு இடத்துல கூட பேர் இல்லன்னா, அப்ளிகேஷனோட முதல் வரியா அதையே எழுதுங்க.